சாரலுக்கு வயிற்றைக் கூட்டிப் போவது எப்படி?

ஆனி பிறந்து தென்காசிப் பக்கம் சாரல் விழுந்துவிட்டால் அத்தையிடமிருந்து போன் வரும். "எப்பம்டே வார? ஐந்தருவில தண்ணி நல்லா விழுது." இரைப்பையில் ஈஸ்னோபில் குடியேறியவர்கள் இந்த அழைப்பை ஏற்று, உறவும் கெடாமல் வயிறும் கெடாமல் ஊர் திரும்புவது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கையேடு. இரண்டும் ஒருசேர நடந்ததாக எனக்கு அனுபவமில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நோயின் பெயரை யாரிடமும் சொல்லாதீர்கள். 'இயோசினோஃபிலிக் காஸ்ட்ரைட்டிஸ்' என்று நீங்கள் முடிப்பதற்குள், "ஈஸ்னோபிலா? அது நெஞ்சுல வார சீக்குல்லா? வயித்துல எப்படி?" என்று மாமா மடக்கிவிடுவார். தும்மினாலும் மூச்சு இழுத்தாலும் ஈஸ்னோபில் என்றே பழகிய ஊர். கேள்வி நியாயமானதுதான். ஈஸ்னோபில் என்பது வெள்ளையணுவில் ஒரு வகை. 1879இல் ஈயோசின் என்ற சாயத்தை ஏற்றி இதை அடையாளம் காட்டியவர் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக். (பெயரில்தான் பால், பயம் வேண்டாம்.) குடலுக்குள் புழு வந்தால் விரட்ட வேண்டிய காவலாள் இது. தோசையைப் பார்த்துப் புழு என்று நினைத்து, கூட்டம் கூட்டி இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கினால் அதுதான் நம் நோய்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மாமா சொல்வார்: "கேஸா இருக்கும். ஒரு சோடா குடி."

கேஸ் மாத்திரையும் அல்சர் மாத்திரையுமாக ஒரு வருஷத்தை ஓட்டுவது இந்த நோயாளிகளின் குலவழக்கம். எண்டோஸ்கோப்பிக்குப் போனாலும் உள்தோல் பளிச்சென்று இருந்து ஏமாற்றலாம். நாலைந்து இடத்தில் சதை கிள்ளி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஒரு பார்வைப் பரப்பில் 30 ஈஸ்னோபில், அப்படி 5 பரப்பு என்பது பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. ரத்தத்தில் எண்ணிக்கை 500க்குள் அடக்கமாக இருந்துகொண்டு வயிற்றுக்குள் மட்டும் மாநாடு நடத்துகிறவையும் உண்டு. வயல்காட்டில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்கள் என்றால், நிஜமாகவே புழு இருக்கிறதா என்று மலத்தையும் பார்த்துவிட வேண்டும். இது மட்டும் விளையாட்டில்லை. சிலவகைப் புழு உள்ளே இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடம்பெல்லாம் பரவி உயிருக்கே உலை வைக்கும்.

இனி அருவி. குற்றாலம் பேரருவியில் தாராளமாகத் தலையைக் கொடுங்கள். தண்ணீரில் புரதம் கிடையாது. ஆபத்து குளித்து முடித்து ஈரத்துண்டோடு வெளியே வரும்போதுதான். குற்றாலத்துப் பசி சாதாரணப் பசியா? அந்த நேரம் பார்த்து, "பார்டருக்கு வண்டிய விடுடே" என்பார் மாமா. பிரானூர் பார்டர், செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்து எல்லை. 1956 நவம்பர் 1இல் செங்கோட்டை நம் பக்கம் வந்து, எல்லை புளியரைக்கு அப்பால் போய்விட்டது. பரோட்டாக் கடைகள்தான் நகரவில்லை.

அங்கே உட்கார்ந்து உங்களுக்கு விலக்கான ஆறு உணவையும் மனசுக்குள் சொல்லிப் பாருங்கள்: பால், கோதுமை, முட்டை, சோயா, நிலக்கடலை உட்பட கொட்டை வகை, மீனும் இறாலும். பரோட்டா மைதா, ஆகவே கோதுமை. பிசையும்போது முட்டையோ பாலோ சேர்ந்திருக்கலாம். சால்னாவில் முந்திரி அரைத்திருக்கலாம். பொரித்த கோழி ஒன்றுதான் நிரபராதி. அதன் மேல்மாவைக் கேட்காதவரை. பரோட்டாவைப் போல இரைப்பைக்கும் அடுக்கு உண்டு என்பது ஓர் ஆறுதல். கிளைன் என்பவர் 1970இல் இந்த நோயை அடுக்குவாரியாகவே பிரித்தார். உள்ளடுக்கில் வந்தால் வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு. தசையில் வந்தால் பாதை அடைப்பு. வெளியுறையில் வந்தால் வயிற்றில் நீர். இதை மேஜையில் விளக்கினால் உங்கள் இலைக்கு யாரும் பரோட்டா போடமாட்டார்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

வீட்டுச் சாப்பாடு பத்திரம் என்று நினைப்பது அடுத்த மடத்தனம். அத்தை வீட்டு அடுக்களையில் பெருங்காய டப்பாவை எடுத்து, பல்புக்கு நேராகப் பிடித்து, பின்புறத்து எறும்பெழுத்தைப் படித்தேன். பாதி மஞ்சள் கறையில் மறைந்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்தால் 'கோதுமை மாவு' என்று வந்தது. கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மாவுதான் உடம்பு, பெருங்காயம் வாசனைக்கு. ஆறு வாரமாக நான் கோதுமையை விலக்கியிருந்த லட்சணம் சாம்பார் வழியாகத் தெரிந்தது. டப்பாவை வைக்கும்போது அத்தை பார்த்துவிட்டாள். "என்னடே, விலையா பாக்க?"

தப்பிக்க வழியும் அதே வீட்டில்தான் இருக்கிறது. நெல்லைச் சீமையின் சொதி, தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்கறியும். மாட்டுக்கு அதில் பங்கில்லை. சோறு, சொதி, தொட்டுக்க இஞ்சிப் பச்சடி. இந்த நோய்க்காகவே கண்டுபிடித்தது போல இருக்கும். கடைத்தெருவில் ரம்புட்டான், மங்குஸ்தான், தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸ்.

"அப்பம் முட்டை?" என்பாள் அத்தை. "நம்ம வீட்டுக் கோழி இட்டதுடே. அது ஒண்ணும் செய்யாது." இங்கே தோற்கத் தயாராக இருங்கள். நிலக்கடலை ஒவ்வாதவருக்கு உடனே உதடு வீங்குவதுபோல இதில் நடக்காது. இன்று தின்றது பல நாள் கழித்து ஆறஅமர வேலையைக் காட்டும். ஆகவே முட்டை உள்ளே போய், மறுநாள் காலை நீங்கள் நன்றாக எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள். "நான்தான் சொன்னேம்லா!" வலி வரும்போது நீங்கள் சென்னையில் இருப்பீர்கள், பழி சென்னைத் தண்ணீர் மேல் விழும். இந்த மந்தத்தால்தான் டாக்டர்கள் ஆறையும் ஆறு வாரம்போல விலக்கி, மறுபடி எண்டோஸ்கோப்பி பார்த்து, பிறகு ஒவ்வொன்றாக உள்ளே விடுகிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரை சீக்கிரம் அடக்கும். நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வரும்.

கிளம்பும்போது கையில் அல்வா பொட்டலம் ஏறும். கோதுமைப்பால், நெய். மறுக்காதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பஸ் கடையநல்லூர் தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரரிடம் நீட்டுங்கள். "ஏன், ஒங்களுக்கு சுகரா?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், புரிகிற நோய். நானும் அப்படித்தான் சொன்னேன். அவர் அல்வாவை வாயில் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார். "ஒண்ணும் கவலப்படாதிய. வெந்தயத்த ராத்திரியே மோர்ல ஊறப் போட்டு..."