ஜாஸா, இல்லையா?

ஜாஸ் ரசிகரிடம் புது ஆல்பத்தைப் பரிந்துரைப்பது சம்பந்தி வீட்டுச் சமையலுக்கு உப்புப் பார்ப்பதைப் போன்றது. என்ன சொன்னாலும் வம்புதான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா, இது ஜாஸ் இல்லையே!"

சாக்ஸஃபோன் கலைஞர் கமாசி வாஷிங்டனின் 'தி எபிக்' (2015) மூன்று டிஸ்க், ஏறக்குறைய மூன்று மணி நேரம். நீளத்தில் குறை காண வழியில்லை என்பதால் வயலின்களையும் கோரஸையும் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு சாக்ஸஃபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸ் எண்பது வயதில் லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவோடும் எலக்ட்ரானிக் இசைக்காரர் ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸோடும் வெளியிட்ட 'பிராமிசஸ்' (2021) பேரழகு. ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனோடு வாசித்தவர் என்பதால் அவரிடம் மட்டும் யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை.

ஆந்த்ரே 3000 பாடுதான் திண்டாட்டம். அவுட்காஸ்ட் ராப்பரான அவர் 2023இல் 'நியூ ப்ளூ சன்' என்று முழுக்கப் புல்லாங்குழல் ஆல்பம் போட்டார். ராப் ஆல்பம் போடத்தான் நினைத்தேன் என்ற சமாதானத்தை முதல் பாட்டின் தலைப்பிலேயே வைத்துவிட்டார், புத்திசாலி. கிராமிக்காரர்கள் அதை 'ஆல்டர்நேட்டிவ் ஜாஸ்' பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தார்கள். வழக்கைத் தீர்க்க முடியாவிட்டால் தனி அறை கட்டிக்கொடுத்துவிடுவது. 2024 விழாவில் அறிமுகமான பிரிவு அது.

அதற்கு முந்தைய ஆண்டு, பிரிட்டனின் மெர்க்குரி விருதை எஸ்ரா கலெக்டிவ் வென்றது. அதைப் பெற்ற முதல் ஜாஸ் குழு. உடனே முணுமுணுப்பு: ஆட்டம் போட வைக்கிறதே, இது எப்படி ஜாஸ்?

1930களில் ஹார்லெமின் சவாய் பால்ரூம் நடனக்கூடத்தில் ஜாஸ் டிரம்மர் சிக் வெப்பின் வாசிப்புக்கு ஜனங்கள் நாற்காலியில் அமர்ந்து குறிப்பெடுத்தார்கள் போலும்.