இரட்டைக் கப்பல் தொடர்பாக ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வருவாய்த் துறைக் கண்காணிப்பாளர்,
முகாம்: மகள் வீடு, ஆர்லாண்டோ, ஃப்ளோரிடா.

பெறுநர்:
உயர்திரு பொதுச்செயலாளர் அவர்கள்,
பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு,
4, ஆல்பர்ட் எம்பாங்க்மென்ட், லண்டன்.

பொருள்: உல்லாசக் கப்பல்கள் – ஒரே அச்சில் இரண்டு கட்டப்பட்டது – குடும்பத்தில் பிளவு ஏற்பட்டது – தக்க நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கப்பல் டன் அளவீட்டு ஒப்பந்தம், 1969. 2. கடலில் உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம் (சோலாஸ்). 3. குடும்ப வாட்ஸ்அப் குழுச் செய்திகள் (மிகுதி கருதி இணைக்கப்படவில்லை).

ஐயா,

பணிக்காலம் முழுக்கப் பட்டா மாறுதலும் வாரிசுச் சான்றிதழும் பார்த்தவன் நான். ஒரு மனு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. இந்தக் கப்பல் விஷயத்தில் வந்துவிட்டது. கம்பெனி பதிவானது லைபீரியாவில். தலைமை அலுவலகம் மயாமியில். கப்பலைக் கட்டியது ஃபின்லாந்து நாட்டு டுர்க்கு நகரத்தில். அதில் பறப்பது பஹாமாஸ் கொடி. பயணி மட்டும்தான் அமெரிக்காவில் ஏறி அமெரிக்காவில் இறங்குகிறார். ஒரு சொத்துக்கு இத்தனை ஊரில் வில்லங்கம் இருந்தால் நாங்கள் மனுவைத் திருப்பி அனுப்பியிருப்போம். ஆகவே, எல்லாக் கொடிக்கும் பொதுவானவர் என்ற முறையில் தங்களிடம் வருகிறேன். கம்பெனி மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. அதன் கப்பலில் நான் இன்னும் கால்கூட வைக்கவில்லை.

விஷயம் இதுதான். ராயல் கரீபியன் கம்பெனியார் 2024 ஜனவரியில் ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ என்ற கப்பலை மயாமியிலிருந்து ஓட்டத் தொடங்கினார்கள். 2025 ஆகஸ்டில் அதன் தங்கை ‘ஸ்டார் ஆஃப் த சீஸ்’, சுமார் 200 மைல் வடக்கே உள்ள போர்ட் கனாவரலிலிருந்து கிளம்பியது. முன்னதற்குப் பெயர் சூட்டு விழாவில் வந்து நின்றவர் லயோனல் மெஸ்ஸி. பின்னதற்குப் பாடகி டயானா ராஸ். ஐகான், ஸ்டார் என்றதும் கோடம்பாக்கத்துச் சுவரொட்டி நினைவுக்கு வந்தால் அது என் குற்றமல்ல.

இரண்டும் 20 தளம். இரண்டும் ஏறத்தாழ 365 மீட்டர் நீளம். அறைக்கு இரண்டு பேர் வீதம் 5,610 பயணிகள், நெருக்கி அடைத்தால் 7,600. ஊழியர்கள் 2,350 பேர். நீச்சல் குளம் ஏழு, நீர்ச்சறுக்கு ஆறு. இதிலும் அப்படியே, அதிலும் அப்படியே. நியாயமும் இருக்கிறது. முதல் கப்பலுக்குத்தான் வரைபடச் செலவு, யோசனைச் செலவு எல்லாம். அதே படத்தை வைத்து இரண்டாவதைக் கட்டினால் உதிரிப் பாகத்திலிருந்து மாலுமிப் பயிற்சி வரை எல்லாமே மலிவு. கட்டுகிறவனுக்கு ஒற்றுமையில் லாபம். விற்கிறவனுக்கோ வித்தியாசம் காட்டினால்தான் வியாபாரம். நடுவில் மாட்டிக்கொண்டது எங்கள் குடும்பம்.

என் மகள் இருப்பது ஆர்லாண்டோவில். மாப்பிள்ளையின் தங்கை இருப்பது மயாமியில். சம்பந்தியம்மா தற்சமயம் மகள் வீட்டில், அதாவது மயாமி முகாமில். எல்லோருமாகச் சேர்ந்து ஏழு இரவு கடலில் போகலாம் என்று ஏகமனதாக முடிவாயிற்று. எந்தக் கப்பல் என்று கேட்டதோடு ஏகமனம் முடிந்தது.

வித்தியாசங்களைத் தேடி எடுத்தார்கள். ஐகானில் உள்ள ஒரு விருந்துக்கூடம் 1920-களின் நியூயார்க்கைப் போல அலங்கரிக்கப்பட்டது. ஸ்டாரில் அதே இடத்தில் 1930-களின் சிகாகோ. தனிக் கட்டணம் இரண்டிலும் உண்டு. ஆக, 1929-இன் பங்குச்சந்தைச் சரிவுக்கு முன்பு சாப்பிடுவதா, பின்பு சாப்பிடுவதா என்பதுதான் கேள்வி. 1920-களில் அந்த நாட்டில் மதுவிலக்கு அமலில் இருந்தது என்பதை மயாமி முகாமுக்கு யாரும் நினைவூட்டவில்லை. சமாதானம் கருதி நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்தது நாடகம். ஐகானில் ‘த விசார்ட் ஆஃப் ஆஸ்’. ஸ்டாரில் ‘பேக் டு த ஃபியூச்சர்’. பேரன் ஒன்றுக்கு, பேத்தி இன்னொன்றுக்கு. இரண்டையும் நான் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டேன். ஒன்றில் ஒரு சிறுமி, ஒன்றில் ஒரு பையன். இருவருமே தெரியாத இடத்தில் போய் மாட்டிக்கொண்டு, எப்படியாவது வீடு திரும்ப வேண்டும் என்று தவிக்கிறார்கள். பணம் கட்டிக் கடலுக்கு வந்தவர்களுக்கு ஏன் இந்தக் கதையையே இரண்டு கப்பலிலும் போடுகிறார்கள் என்று தாங்கள் விசாரிக்கலாம்.

மாப்பிள்ளை எக்ஸெல் போட்டார். ஏறத்தாழ 2,48,000 டன்னை 5,610 பேருக்கு வகுத்தால் தலைக்கு 44. கப்பல் பித்தர்கள் நெரிசலைக் கணக்கிடும் முறை அதுதானாம். மற்ற கப்பலுக்கும் போட்டார். அதற்கும் 44. அவருடைய மைத்துனர் நம்பாமல் மயாமியிலிருந்து தனியாக ஒரு எக்ஸெல் போட்டார். அதிலும் 44 வந்தது. அதுவே ஐகானின் வெற்றி என்று அறிவித்தார். இந்த இடத்தில் சம்பந்தியம்மா குறுக்கிட்டு, “ரெண்டரை லட்சம் டன்னா? அவ்வளவு கனமா இருந்தா முங்கிடாதா?” என்றார்கள். அது எடையே அல்ல, மூடிய இடங்களின் கொள்ளளவைச் சூத்திரத்தில் போட்டு எடுத்த எண் என்று பார்வை 1-இல் கண்ட தங்கள் ஒப்பந்தத்தைக் காட்டி விளக்கினேன். எடை இல்லாத டன்னை ஏன் டன் என்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். தங்கள் அமைப்பைத் தர்மசங்கடத்திலிருந்து காப்பாற்ற, போன் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆனாலும் முங்கிடாதா என்ற கேள்வியை நான் சிரித்து ஒதுக்கவில்லை. ஒரே அச்சில் வார்த்த அக்கா தங்கைக் கப்பல்களில் எதில் ஏறுவது என்பது உலகத்தில் ஒரே ஒரு முறைதான் உண்மையிலேயே முக்கியமான கேள்வியாக இருந்தது. 1911-இல் ஒலிம்பிக். 1912-இல் டைட்டானிக். தங்கை அக்காவைவிடச் சுமார் 1,000 டன் அதிகம், உலாவும் தளத்தில் முன்பாதிக்குக் கண்ணாடி அடைப்பு, மற்றபடி அச்சு அசல். அந்த ஏப்ரலில் இங்கிலாந்தில் நிலக்கரி வேலைநிறுத்தம். வேறு கப்பல்களுக்குச் சீட்டு எடுத்திருந்த சிலரை டைட்டானிக்குக்கு மாற்றி ஏற்றினார்கள்; வாங்கியதைவிட உசத்தியான கப்பல் கிடைத்தது என்று அவர்களில் சிலராவது மகிழ்ந்திருப்பார்கள். கப்பலில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர், படகுகளில் இடம் 1,178 பேருக்கு. அக்கா ஒலிம்பிக் 1935 வரை ஓடியது. தங்கை மூழ்கியதால் 1914-இல் லண்டனில் கையெழுத்தானதுதான் முதல் சோலாஸ் ஒப்பந்தம். இன்று அதைக் கட்டிக் காக்கும் பொறுப்பு தங்களுடையது. ஆக, இரட்டைக் கப்பல் விவகாரம் தங்கள் வரம்புக்கு உட்பட்டதல்ல என்று என் மனுவைத் தள்ளிவிட வழி இல்லை.

தாங்கள் செயல்படாதவர் என்றும் சொல்ல மாட்டேன். 2012-இல் இத்தாலிக் கரையில் கோஸ்டா கன்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பலருக்கு ஆபத்துக் காலப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்த விதியை மாற்றி, கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று 2015 முதல் கட்டாயமாக்கினீர்கள். மாடி வைத்த சொகுசு அறையில் இருப்பவரும், ஜன்னலே இல்லாத உள்ளறையில் இருப்பவரும் ஒரே விதிக்குக் கட்டுப்படும் ஒரே நிகழ்ச்சி அதுதான். விளம்பரப் புத்தகத்தில் அதற்கு ஒரு புகைப்படம்கூட இல்லை.

நடுநிலையாளன் என்ற முறையில் நானும் ஒரு யோசனை வைத்தேன். கனாவரலில் ஏறி மயாமியில் இறங்கினால் இரண்டு வீட்டுக்கும் மரியாதை. அதை 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று அடித்துவிட்டது. வெளிநாட்டுக் கொடிக் கப்பல் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் ஏற்றிய ஆளை இன்னொன்றில் இறக்கக் கூடாதாம். நடுவில் பஹாமாஸ் போன்ற பக்கத்துத் தீவைத் தொட்டுவிட்டு வந்தாலும் செல்லாதாம். ஏறிய இடத்திலேயே இறக்குவதற்குத்தான் பக்கத்துத் தீவு போதும். அப்படித்தான் இரண்டு கப்பலும் பஹாமாஸில் கம்பெனிக்கென்றே உள்ள தீவான கோகோகேக்குப் போய் ஒரே மணலைத் தொட்டுவிட்டு வருகின்றன.

இனி கோரிக்கை. ஒவ்வொரு கப்பலுக்கும் தங்கள் திட்டத்தில் ஏழு இலக்க எண் ஒன்று உண்டு. பெயர் மாறினாலும், முதலாளி மாறினாலும், கொடி மாறினாலும் உடைக்கப்படும் நாள் வரை அந்த எண் மாறாது. பயணிகள் கப்பல் என்றால் வானத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி அதை எழுத வேண்டும் என்பது தங்கள் விதி. ஹெலிகாப்டரில் போகிறவனுக்குக் கிடைக்கும் இந்தத் தெளிவு, சோபாவில் உட்கார்ந்து சீட்டு வாங்குகிறவனுக்கு வேண்டாமா? ஒரே அச்சுக் கப்பல்களின் விளம்பரத்தில், சிகரெட் பெட்டியில் போடுவது போல, ‘இதுவும் அதுவும் ஒன்றே’ என்று பாதிப் பக்கத்துக்கு அச்சிட உத்தரவிட வேண்டுகிறேன்.

மீதிப் பாதிப் பக்கத்தில் போட வேண்டியவையும் உண்டு. எந்த நாட்டுக் கொடி, ஏன் அந்தக் கொடி. ஊழியரை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம். 14 மணி நேரம் வரை, வாரத்துக்கு 72 வரை என்று ஜெனீவாவில் உள்ள தங்கள் சகோதர அமைப்பின் ஒப்பந்தம் சொல்கிறது. கட்டில் விரிப்பில் துண்டை யானையாக மடித்து வைத்துவிட்டுப் போகும் ஃபிலிப்பைன்ஸ்காரரும் கோவாக்காரரும் அந்த மணிக்கணக்கில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஆளுக்கு நாளொன்றுக்கு 18 டாலருக்கு மேல் ‘டிப்ஸ்’ என்று கணக்கில் தானாக ஏறுகிறது. நால்வர் குடும்பத்துக்கு ஏழு நாளில் 500 டாலர் தாண்டும். சம்பளத்தை முதலாளி கொடுப்பதும் மனமுவந்தால் வாடிக்கையாளர் கொடுப்பதும் வேறு வேறு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எரிபொருளும் அப்படியே. இரண்டும் திரவ இயற்கை வாயுவில் ஓடுகின்றன. கந்தகமும் கரியும் குறைவு என்பது உண்மை. எஞ்சினில் எரியாமல் நழுவும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டையாக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றக்கூடியது என்பதும் உண்மை. முதல் உண்மை விளம்பரத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கு இடம் போதவில்லை போலும்.

தங்கள் கோப்புக்காக உண்மை நிலவரத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். எங்கள் வீட்டில் நடப்பது கப்பல் சண்டையே அல்ல. ஆர்லாண்டோவிலிருந்து கனாவரல் காரில் ஒரு மணி நேரம், மயாமி நான்கு மணி நேரம். ஸ்டார் என்றால் தங்கை குடும்பம் முந்தின நாளே அண்ணன் வீட்டுக்கு வந்து தங்க வேண்டும். ஐகான் என்றால் அண்ணன் அங்கே போக வேண்டும். யார் வீட்டுக்கு யார் முதலில் போவது என்பதை எந்த எக்ஸெல்லிலும் போட முடியாது. அதனால்தான் நீர்ச்சறுக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

2026-க்கென்று ‘லெஜண்ட் ஆஃப் த சீஸ்’ என்ற மூன்றாவது கப்பலையும் அதே அச்சில் அறிவித்திருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் மூன்றாவது அணி உருவாகும் முன்பாக ஆணை பிறப்பிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்.

நகல்:
1. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, ஜெனீவா – 14 மணி நேரம் குறித்து, தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்.
2. சம்பந்தி வீடு, மயாமி – அனுப்ப வேண்டாம்.