நந்தி வெளியே வந்த கோடை

நாகமரைத் துறையில் பரிசல் ஏறிவிட்டால் ஆயா பேச்சை நிறுத்திவிடுவாள். நடு ஆற்றில் ஓரிடம் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அடியில ஈஸ்வரன் கோயிலு இருக்குது கண்ணு, கும்பிட்டுக்கோ" என்பாள். நானும் கும்பிடுவேன். குனிந்து பார்த்தால் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது.

1925இல் தொடங்கி 1934இல் மேட்டூர் அணையைக் கட்டி முடித்தார்கள். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அத்தனை தண்ணீரும் தேங்க இடம் வேண்டுமே, அதற்கு ஊர்கள் போயின. பழைய பண்ணவாடியும் போயிற்று. சனங்கள் மேட்டுக்கு ஏறினார்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் அங்கேயே நின்றுவிட்டன. நீர்மட்டம் 70 அடிக்குக் கீழே நன்றாக இறங்கினால்தான் நந்தியை முழுசாகப் பார்க்கலாம்.

2024 கோடையில் பார்த்தேன். நிறைதண்ணீரில் பரிசல் வந்து அணையும் துறை மேட்டில் காய்ந்து கிடந்தது. கயிறு கட்டும் முளை மட்டும் நட்டபடி நின்றது, அதைச் சுற்றி நெருஞ்சி. அங்கிருந்து இறங்கி இறங்கி நடந்தால் பாளம் பாளமாக வெடித்த வண்டல், காலடியில் நொறுங்கும் சிப்பி ஓடுகள். ஈரம் மிச்சமிருந்த பக்கத்தில் சோளம் போட்டிருந்தார்கள். குறுகிப்போன ஆற்றை மோட்டார் படகில் கடந்து அக்கரை ஏறினேன்.

நந்தி நான் நினைத்ததைவிடப் பெரிசு. தொண்ணூறு வருசம் தண்ணீர் அரித்தும் திமில் திமிலாகவே இருந்தது. யாரோ குங்குமம் வைத்து அரளிப்பூ சாத்தியிருந்தார்கள். ஆயா கும்பிட்ட இடத்தை நான் கையால் தொட்டேன். கண் கலங்கிவிட்டது. சற்றுத் தள்ளி ஐஸ் வண்டியும் பிள்ளைகள் கூட்டமுமாகத் திருவிழா மாதிரி இருந்தது.

ஆனால் எங்கள் சாமி வெளியே வந்தால் தஞ்சாவூர்ப் பக்கம் வயல் காய்கிறது என்று பொருள். அந்த ஆண்டு, வழக்கமாக மதகு திறக்கும் நாளான ஜூன் 12 வந்தது, போனது. குறுவைக்கு மதகு திறக்கவில்லை. டெல்டா விளையத்தானே பண்ணவாடியை மூழ்கடித்தார்கள்! ஊரைக் கொடுத்தவர்களுக்கு ஊரைப் பார்க்கக் கிடைக்கிற நாள், அதை வாங்கிக்கொண்டவர்கள் பட்டினியை எண்ணிப் பயப்படுகிற நாளாக இருக்கிறது. நந்தியைத் தொட்ட மகிழ்ச்சியை என்னால் முழுசாக அனுபவிக்க முடியவில்லை.

ஜூலையில் கர்நாடகத்துக் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி வழிய, 28ஆம் தேதி மேட்டூரைப் பாசனத்துக்குத் திறந்தார்கள். 30ஆம் தேதி அணை 120 அடியைத் தொட்டது. நந்தி உள்ளே போய்விட்டது. சோளமும்தான்.

ஆற்றைக் கடக்க அன்று எருமைத்தோல் போர்த்திய மூங்கில் பரிசல், இன்று பைக்கையும் ஏற்றிக்கொண்டு போகும் மோட்டார் படகு. மாறியது அவ்வளவுதான். நாகமரை இருக்கும் ஏரியூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அக்கரைக் கொளத்தூர் கண்ணுக்கெதிரே தெரிகிறது, சாலைவழி போனால் மேட்டூரைச் சுற்ற வேண்டும். காற்று எழும்பினால் படகு நிற்கும். அந்த நேரத்தில் ஒருத்திக்கு வலி எடுத்தால் என்ன செய்வது? நாகமரைக்கும் பண்ணவாடிக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். நிலத்தைக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள், நானும் கேட்கிறேன்.