பொருள்: வியாழக்கிழமை

பெறுநர்:
மாட்சிமை தங்கிய விசா அதிகாரி அவர்கள்,
ரைன் நதி தொட்டுச் செல்லும் ஆறு நாடுகளுள் ஒன்றின் தூதரகம்.

பொருள்: 29.05.2025, வியாழக்கிழமை.
பார்வை: தாங்கள் இட்ட ஒரே ஒரு டிக்.

பேரன்புடையீர்,

நேற்று கூரியர்காரப் பையன் என் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே விசா இல்லை. கட்டம் கட்டமாக ஒரு தாள் இருந்தது, அதில் ஒரு கட்டத்தில் மட்டும் டிக். அரசுப் பள்ளியில் 33 வருடம் புவியியல் நடத்தியவள் நான். டிக் போட்டுப் போட்டே காய்த்துப்போன விரல் இது. டிக் வாங்கினால் ஃபெயில் என்பதை இந்த 61 வயதில் தங்களிடம்தான் கற்றுக்கொண்டேன். மிக்க நன்றி.

டிக் விழுந்த வரி, நான் தங்கப்போகும் நோக்கத்தைப் பற்றித் தந்த தகவல் நம்பும்படி இல்லை என்கிறது. எந்தத் தகவல் என்று தாங்கள் எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. அந்த வியாழக்கிழமைதான்.

பத்து நாள் முன்பு அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தபோது தங்கள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மிக மரியாதையான குரல். மே 24 கிளம்பி ஜூன் 2 திரும்பும் என் திட்டத்தை நாள் நாளாகப் படித்துக்கொண்டே வந்தது. ஷாஃப்ஹவுசன் பக்கத்தில் ரைன் அருவி, சரி. ஸ்ட்ராஸ்பூர் கதீட்ரல், சரி. கோப்லென்ஸ் வந்ததும் குரல் நின்றது.

"வியாழக்கிழமைக்கு நேரே ஆற்றங்கரை என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். அங்கே என்ன செய்வீர்கள்?"

"இரண்டு ஆறும் சேருகிற இடத்தில் உட்கார்ந்திருப்பேன்."

"அதற்குப் பிறகு?"

"பிறகும்."

"நாள் முழுக்கவா? எதற்கு?"

சும்மாதான் என்று சொல்ல வேண்டும். இங்கிலீஷில் அது வரவில்லை. "ஐ வில் சிம்ப்ளி சிட்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. ஒரு கண்டம் தன்னைக் காத்துக்கொள்ளும் சத்தம் அது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் பவானிக்காரி. காவிரியும் பவானியும் சேரும் கூடுதுறைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒன்பதாம் வகுப்புச் சுவர் வரைபடத்தில் ரைன் நதியைக் குச்சியால் தொட்டுத் தொட்டு, அந்த நீலக்கோடு கோப்லென்ஸ் அருகே வெளுத்தே போயிருந்தது. ஆல்ப்ஸில் பிறந்து, சுமார் 1,230 கிலோமீட்டர் ஓடி, வட கடலில் கலக்கிறது என்று எத்தனை பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருப்பேன்! ரைனில் மோசல் ஆறு வந்து சேரும் இடம் கோப்லென்ஸ். ரோமானியர்கள் அந்த ஊருக்கு வைத்த பெயர் கான்ஃப்ளுவென்டெஸ், அதாவது கூடுதுறை. என் ஊரின் பெயரிலேயே அங்கே ஒரு ஊர் இருக்கிறது. போய் உட்கார்ந்து பார்க்க வேண்டாமா? அதற்காக ஒரு பவானி ஜமக்காளம்கூட மடித்துப் பெட்டியில் வைத்தாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தங்கள் ஷெங்கன் ஒப்பந்தம் 1985 ஜூன் 14 அன்று கையெழுத்தானது ஒரு கப்பலில். அந்தக் கப்பல் நின்றிருந்தது இதே மோசல் ஆற்றில், லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தில். எல்லைகளைக் கரைத்த தண்ணீர் கோப்லென்ஸுக்குத்தான் வந்து சேருகிறது. அதைக் கரையிலிருந்து பார்ப்பேன் என்றேன். நம்பும்படி இல்லை என்றுவிட்டீர்கள்.

ஈரோட்டில் டிராவல்ஸ் வைத்திருக்கும் தம்பி முதலிலேயே எச்சரித்தான். "என்னங்க டீச்சர், ஒரு ஆத்தப் பாக்கறதுக்கு ஒம்பது ராத்திரியா? நாலே ஊருங்கறீங்க. இன்னும் நாலு நாட்டச் சேத்துப் போட்டுக்கலாமுங்க. அப்பத்தான் அவிங்க நம்புவாங்க." அவன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். நான்தான், ஊர் விட்டு ஊர் போகிற நாளில் பாதி பெட்டியைத் தூக்குவதிலேயே போய்விடும், முழங்காலும் நம்முடையது, ஒரு ஊருக்கு இரண்டு ராத்திரியாவது வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்துப் புத்தி.

என்னோடு கணக்கு நடத்திய தோழிக்குப் போன வருடம் தங்கள் அலுவலகமே விசா கொடுத்தது. பத்து நாளில் ஏழு நாடு. அவள் கொடுத்த திட்டத்தை நான் படித்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை லூவ்ர் அருங்காட்சியகம் என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை லூவ்ர் திறப்பதில்லை. ஜூன் மாதத்தில் இரவு எட்டு மணிக்கு ஐஃபல் கோபுர விளக்கு வெளிச்சம் என்றும் இருந்தது. ஜூனில் பாரிஸில் சூரியன் மறையவே பத்தாகிவிடும். தங்களுக்குத் தெரியாத விஷயமா? ஆனாலும் நம்பினீர்கள். இல்லாத விளக்கு வெளிச்சத்தை நம்பிய கண்ணுக்கு என் வியாழக்கிழமை மட்டும் இருட்டாகத் தெரிந்தது என் துரதிர்ஷ்டம்.

அவள் ரைன் அருவியும் பார்த்தாள். 150 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரம். கொடுத்த நேரம் 20 நிமிடம், பாத்ரூம் உட்பட. அவள் எடுத்த வீடியோவில் அருவிச் சத்தத்தைவிட "பஸ்ஸு கெளம்புது, பஸ்ஸு கெளம்புது" என்ற சத்தம்தான் தெளிவாகக் கேட்கிறது. பாரிஸ் எப்படி இருந்தது என்றேன். பஸ்ஸில் ஏசி நல்ல ஏசி என்றாள். உங்கள் சட்டப்படி பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டுமாம். என்ன அருமையான சட்டம்! அவருக்கென்று ஒரு குட்டி வியாழக்கிழமையைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறீர்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் கிழவிகளுக்குத்தான் இல்லை.

சென்னை விசா மையத்தைப் பற்றியும் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க வந்து, டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். விரல் ரேகை விழவில்லை. சாக்பீஸ் தின்ற விரல். அங்கிருந்த பெண் ஈரத் தாளால் என் விரலை ஒவ்வொன்றாகத் துடைத்து நாலு தடவை கண்ணாடிமேல் வைத்து அழுத்தினாள். "கொஞ்சம் அமுக்குங்க மேடம், உங்களுக்கு ரேகையே இல்ல" என்றாள். பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பென்ஷன் ஆர்டர் கேட்டீர்கள், கொடுத்தேன். ஆறு மாத பேங்க் கணக்கு கேட்டீர்கள், வீட்டுப் பத்திரம் கேட்டீர்கள், 30,000 யூரோவுக்கு இன்சூரன்ஸ் கேட்டீர்கள். எல்லாம் கொடுத்தேன். என்ன பயம் உங்களுக்கு? சொந்த வீடும் பென்ஷனும் வாசலில் இரண்டு தென்னை மரமும் இருக்கிற ஒருத்தி உங்கள் ஊரில் ஒளிந்துகொண்டு பாத்திரம் தேய்ப்பாள் என்றா? அப்படியென்றால் அதை நேராக எழுதுங்கள். ஒரு மனுஷியின் முப்பது வருட ஆசையைப் படிக்க உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆயிற்று? எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாயை வாங்கிக்கொண்டு, காரணத்தை ஒரு வரி கைப்பட எழுத முடியாதா? என் மாணவன் ஒருவனைக்கூட நான் இப்படி ஒரு கோட்டில் அனுப்பியதில்லை.

மன்னிக்கவும். ரசத்தை இறக்கப் போன இடத்தில் கொஞ்சம் சூடு பட்டுவிட்டது. 90 யூரோ கட்டணம் திரும்பாது என்று மையத்தில் முன்கூட்டியே அன்போடு சொன்னார்கள். எங்கள் சங்கமேஸ்வரர் உண்டியலும் திருப்பித் தராதுதான். ஆனால் அவர் யாரையும் வாசலில் மறித்து, வியாழக்கிழமை என்ன செய்வாய் என்று கேட்டதில்லை.

சும்மா இருப்பது என்றால் என்ன என்று தங்கள் நாட்டுக்காரர்களையே விசாரித்துப் பார்க்கலாம். அதைக் கற்றுக்கொள்ளத்தான் அவர்கள் விமானம் ஏறித் திருவண்ணாமலைக்கு வருகிறார்கள். சும்மா இரு என்று சொன்ன ரமணரின் ஆசிரமத்தில் ஜிப்பா போட்டுக்கொண்டு கண்ணை மூடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வாரம் முழுக்க வியாழக்கிழமைதான். அதில் எத்தனை பேரிடம் நம் ஊர் அதிகாரி போன் போட்டு, "செவ்வாய்க்கிழமை எந்தத் திண்ணை?" என்று கேட்டார்? வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் இ-விசா வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வரட்டும். நம் ஊர்த் திண்ணைகள் பெரியவை.

ஆகவே தங்கள் ஆலோசனையை ஏற்று வியாழக்கிழமையைத் திருத்தி எழுதிவிட்டேன். காலை ஆறுக்கு பிரஸ்ஸல்ஸில் ஒன்றுக்குப் போகும் பையன் சிலையோடு போட்டோ. எட்டரைக்குக் கொலோன், 157 மீட்டர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தல். கழுத்தை நேராக்கிக்கொள்ளப் பஸ்ஸில் நேரம் உண்டு. மதியம் டிட்டிஸே ஏரிக்கரையில் குயில் கடிகாரம் விலை கேட்டல், வாங்காமை. மாலை டிட்லிஸ் மலைப் பனியில் ஷாருக் கான், கஜோல் கட்அவுட் பக்கத்தில் நிற்றல். இரவு வெனிஸ், படகு. ரயிலோ பஸ்ஸோ ஹெலிகாப்டரோ இதற்கு ஒத்துவராது. அதனால்தான் தங்களுக்குப் பிடிக்கும் என்று நம்புகிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். காலண்டரைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. மே 29, இயேசுவின் விண்ணேற்ற நாள். ரைன் தொடும் ஆறு நாட்டிலும் அன்று பொது விடுமுறை. தங்களுக்கும் லீவாக இருந்தால், அன்று தாங்கள் என்ன செய்வீர்கள்? நேர வாரியாக எழுதி, உரிய ஆவணங்களோடு அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

நான் அன்றைக்கு நம் ஊர்க் கூடுதுறையில் இருப்பேன். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல்தான் திறப்பார்கள் என்பதால் தண்ணீர் அவ்வளவாக இருக்காது. ஜமக்காளம் பெரியது, இரண்டு பேர் உட்காரலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை,
பவானி.

இணைப்பு: திருத்திய வியாழக்கிழமை, ஒரு பிரதி.