ரயில்வே வாரியத்துக்கு ஓர் அம்மன் காசு யோசனை

மகாகனம் பொருந்திய ரயில்வே வாரியத்தாருக்கு,

புதுக்கோட்டையிலிருந்து ஒரு பயணி எழுதிக்கொண்டது. பதில் தாமதமாக வந்தாலும் பாதகமில்லை, பழகிவிட்டது.

2019 அக்டோபரில் லக்னோ–டெல்லி தேஜஸ் ரயிலில் ஐஆர்சிடிசி ஒரு தர்மம் ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணிக்கு 100 ரூபாய், இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் 250. எங்கள் வாயில் எச்சில் ஊறியது. காரணம், அதே ஆண்டு ஜூனில்தான் எங்கள் பக்கத்து அறந்தாங்கி வழியே திருவாரூர்–காரைக்குடி டெமு ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. கேட்டுகளுக்கு ஆள் போதவில்லை என்று கேட் கீப்பர்களையே வண்டியில் ஏற்றி அனுப்பினீர்கள். கேட் வந்தால் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிப்போய்ச் சாத்துவார். வண்டி தாண்டியதும் பின்னால் இருப்பவர் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம். மாட்டுவண்டிக்காரர் கையசைத்துவிட்டுப் போயிருப்பார்.

ஆனாலும் அது தாமதம் ஆகாது. அட்டவணையிலேயே ஆறு மணி நேரம் என்றுதானே போட்டிருந்தீர்கள்! தேஜஸ் திட்டம் இங்கே வந்திருந்தாலும் எங்களுக்குச் சல்லிக்காசு தேறியிருக்காது. நேரம் தவறாமைக்குப் பரிசு தருவதற்கு முன்னால், அட்டவணை எழுதும் பேனா யார் கையில் என்று பார்க்க வேண்டும்.

அந்தத் தேஜஸ் தர்மமும் 2024 பிப்ரவரியில் நின்றது. ஏன் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவருக்கு, அது ரகசியம் என்று பதில். மிச்சமிருப்பது பழைய விதி: மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணத்தைக் கைவிட்டு முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். வீட்டுக்குத் திரும்பியவனுக்குப் பணம், காத்திருந்து போனவனுக்குக் கால்வலி. கோர்ட்டுக்கும் போகலாம்தான். 2016இல் அஜ்மீர்–ஜம்மு ரயில் நான்கு மணி நேரம் தாமதமானதற்கு 30,000 ரூபாய் தரச் சொன்ன தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோது 2021 ஆகியிருந்தது.

கஜானா கஷ்டம் புரிகிறது. எங்கள் சமஸ்தானம் தனக்கென்று அம்மன் காசு அடித்த ஊர் இது. ஓர் அணாவுக்கு இருபது. தாமதமாகும் நிமிடத்துக்கு ஒரு காசு கொடுங்கள், போதும். ஒரு மணி நேரத்துக்கு மூன்றே அணா. அட்டவணையில் சும்மா சேர்த்த நிமிடங்களுக்கும் அதே கணக்கு, அவற்றைச் சேர்த்தவர் சம்பளத்திலிருந்து.

ரிசர்வேஷன் இல்லாத பத்து ரூபாய் டிக்கெட்காரருக்கும் இது பொருந்த வேண்டும்.

இப்படிக்கு,
பிளாட்பாரத்திலிருந்து ஒருவன்

பி.கு.: அம்மன் காசு இப்போது பழைய நாணய வியாபாரிகளிடம்தான் கிடைக்கிறது. மூட்டைக் கணக்கில் சொல்லிவைத்துவிடுங்கள்.