நிற்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?

கேள்வி: பிரேஸிலிய ஜியு-ஜிட்சுப் போட்டியொன்றில், நடுவர் கை காட்டியதும் ஒரு வீரர் எதிராளியின் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டு தாமாகவே தரையில் உட்கார்ந்துவிட்டார். பயமா, களைப்பா?

பதில்: இரண்டுமில்லை, கணக்கு. எதிராளியை நின்ற நிலையிலிருந்து வீழ்த்தி 3 விநாடி அடக்கி வைப்பவனுக்கு 2 புள்ளி என்றும், பிடித்த பிடியை விடாமல் தானே உட்கார்ந்து அவனைத் தன் கால்களுக்கிடையே இழுத்துக்கொள்பவனுக்கு லாபமுமில்லை, அபராதமுமில்லை என்றும், அவ்வாறு உட்கார்ந்தவன் பிறகு எதிராளியைப் புரட்டி மேலேறினால் அவனுக்கும் அதே 2 புள்ளி என்றும் சர்வதேச சம்மேளனம் விதி வகுத்திருக்கையில், நின்று அடிபடுவானேன் என்று நினைப்பது மனித சுபாவந்தானே!

கேள்வி: இருவரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்துவிட்டால்?

பதில்: இலை போட ஆளில்லாத பந்தி போலத்தான் இருக்கும். 20 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, இருவருக்கும் தண்டனை கொடுத்து நடுவர் எழுப்பி நிறுத்துவார்.

கேள்வி: ஆதியிலிருந்தே இக்கலை இப்படித்தானா?

பதில்: அதுதான் விசித்திரம். 1914-இல் பிரேஸிலுக்கு வந்து சேர்ந்து, பின்னர் பெலெம் நகரில், இக்கலையை அங்கே வளர்த்த குடும்பத்தின் மூத்தவரான கார்லோஸ் கிரேஸிக்கு வித்தை சொல்லிக்கொடுத்த மித்ஸுயோ மாயெதா, ஆளைத் தூக்கி எறிவதையே பிரதானமாகப் பயின்ற டோக்கியோ கோடோகான் ஜூடோ பள்ளியின் மாணவர். 1951-இல் ரியோ நகரின் மரக்கானா அரங்கில் கார்லோஸின் தம்பி ஹீலியோவை ஜப்பானிய ஜூடோ வீரர் மஸாஹிகோ கிமூரா திரும்பத் திரும்ப எறிந்தும், விரிப்பு மெத்தென்றிருந்தபடியால் (இது கிமூராவே பிற்காலத்தில் எழுதியது) எறிந்ததில் காரியம் முடியவில்லை. கடைசியில் தரையில் கையை முறுக்கிப் பூட்டிய பிறகே ஹீலியோவின் தரப்பு துண்டை வீசிற்று. தோற்ற குடும்பம் பெருந்தன்மையுடன் அந்தப் பூட்டுக்கு ‘கிமூரா’ என்றே பெயர் சூட்டியது. அன்று தரைதான் ஜெயித்தது என்று சிஷ்யகோடிகள் சொல்வார்கள். ஆனால் தரைக்குப் போவது எப்பொழுது, மேலே இருப்பது யார் என்பதையெல்லாம் நின்றபடியே நிர்ணயித்தவர் கிமூரா என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: அப்படியானால் ஜூடோவின் எறிகளை அப்படியே கற்றுக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது. இடுப்பில் ஏற்றி எறிவதற்காக எதிராளிக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறீர்கள்; எறி பலிக்காவிட்டால் அவன் உங்கள் முதுகில் தொற்றிக்கொண்டு, இரு கால்களையும் உங்கள் தொடைகளின் உட்புறம் கொக்கியாகப் போட்டு, 4 புள்ளி வாங்கிக்கொண்டு கழுத்தை நெரிக்கத் தொடங்குவான். அதைவிட, காலரைப் பிடித்துக் கீழே இழுத்து, அவன் பாரம் முழுவதும் முன்வைத்த காலில் இறங்கும் தருணத்தில், மறு கையால் அந்தக் குதிகாலை வாரிவிடுவது உத்தமம். காலைப் பிடிப்பதை ஜூடோ விதிகள் 2010 முதல் கட்டுப்படுத்தி வந்தன. ஜியு-ஜிட்சுவில் அதற்குத் தாராளமாக இடமுண்டு. உட்காருவதில் பிரியமுள்ள கூட்டத்தாருக்கு இந்தச் சொத்தின் அருமை தெரியவில்லை.

கேள்வி: தெருவில் சண்டை வந்தால்?

பதில்: ஓடிவிடுங்கள். அதற்கும் நின்றாக வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது நாற்பது, வெள்ளைப் பெல்ட். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: விழுவதிலிருந்து. மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, உள்ளங்கையால் விரிப்பை அறைந்து விழப் பழகுங்கள். கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போய்விடும். எதிராளியின் இடுப்பில் தாவி ஏறிக் கால்களைப் பின்னும் வீரத்தை மட்டும் தள்ளி வையுங்கள். வெள்ளைப் பெல்ட்காரருக்குப் போட்டியில் அது விலக்கப்பட்டது.