எப்பக் கத்துதுன்னு சொல்லு மாப்ளே!

வா மாப்ளே, உக்காரு. ஓசூர்லேருந்து ஊத்தங்கரை வரைக்கும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில வந்திருக்க. வழியில எத்தனை சேறு, எத்தனை மணல் தாண்டின? ஒண்ணுமில்லையா? உழவு மாட்டுக்கு லாடம் அடிச்சு வைக்கப்போருல படுக்க வெச்ச கதைதான் போ!

வண்டி கத்துதுன்னு சொன்ன. என்னடா வைத்தியம் பண்ணினன்னு கேட்டா, "பாட்டைச் சத்தமா வெச்சன் மாமா"ங்கிற. வயித்துவலிக்கு மேளம் அடிச்சவன் நம்ம வம்சத்துலயே நீ ஒருத்தன்தான். அப்புறம் மெக்கானிக்கிட்ட போயி "சத்தம் வருது"ன்னு மட்டும் சொல்லியிருக்க. அவரு ஒரு பேரிங்கை மாத்தினாரு, நீ காசை எண்ணி வெச்ச, சத்தம் மட்டும் பத்திரமா உன்கூடவே வந்துடுச்சு. அவரைக் குத்தம் சொல்லாத. குழந்தை அழுவுதுன்னா, பால் குடிச்சப்பவா, தூங்கறப்பவான்னு ஆத்தாக்காரிதான சொல்லணும்?

அது எப்படிக் கத்துதுன்னு வாயால நடிச்சுக் காட்டாத, டீக்கடையில நாலு பேரு பாக்கறாங்க. எப்பக் கத்துதுன்னு சொல்லு.

ஸ்டீரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பறப்ப 'டக் டக்'குன்னா சி.வி. ஜாயின்ட். முன்சக்கரத்துக்கு உள்பக்கம் குனிஞ்சு பாரு. ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் தெறிச்சிருந்தா, உள்ள மண்ணு குடி போயிடுச்சுன்னு அர்த்தம்.

வேகம் ஏற ஏற 'ஊ'ன்னு ஊளையிட்டா, காலி ரோட்டுல அறுபதுல போயி நியூட்ரல்ல உடு. இன்ஜினை அணைச்சுத் தொலைச்சுடாத, பிரேக் கல்லாயிடும். அப்பவும் ஊளை நிக்கலைன்னா இன்ஜின் மேல பழி போடாத. இடப்பக்கம் லேசா வளை, பாரம் வலப்பக்கம் சாயும். அப்ப சத்தம் கூடினா வலப்பக்க வீல் பேரிங். வளைச்சாலும் மாறாம, தாரு போயி சிமெண்ட் ரோடு வந்ததும் ராகம் மாறினா அது டயரு.

ஆக்சிலேட்டரை மிதிச்சா ஒரு சுருதி, காலை எடுத்தா வேற சுருதின்னா, டிஃபரன்ஷியல் ஹவுசிங்குக்குள்ள இருக்கிற கிரவுன் பினியன். ஆயிலை இறக்கி, அடைப்பான்ல இருக்கிற காந்தத்தைப் பாரு. மை மாதிரி ஒட்டியிருந்தா சரி, நொய்யரிசி மாதிரி இரும்புத் துணுக்கு இருந்தா பணப்பையைத் தயார் பண்ணு. முன்னுக்கும் பின்னுக்கும் கியர் மாத்தறப்ப 'டொக்'குன்னா, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் தேய்ஞ்சிருக்கும்.

இதெல்லாம் இல்லையா? கடை முன்னாடி வண்டியைத் திருப்பறப்பதான் முக்கி, டயரைக் கீச்சுன்னு இழுக்குதா? ஏன்டா, நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் எச்சுல போட்டது போட்டபடியேவா ஓசூர்லேருந்து வந்த? கம்பீரமா இருக்குன்னா? சரிதான்!

நம்ம கட்டை வண்டியை நினைச்சுப் பாரு. வளைவுல வெளிச்சக்கரம் கூட ஓடும், உள்சக்கரம் கம்மியா ஓடும். அச்சு அசையாது, சக்கரம் ரெண்டும் தனித்தனியா சுத்தும், அதனால சண்டையில்ல. உன் வண்டியில இடத்துக்கும் வலத்துக்கும் நடுவுல அந்தப் பஞ்சாயத்தை டிஃபரன்ஷியல் பாத்துக்குது. ஆனா முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல பஞ்சாயத்தே இல்ல. ஃபோர் எச் போட்டதும் ரெண்டையும் ஒரே கயித்துல கட்டிடற. வளைவுல முன்சக்கரம் பெரிய வட்டம் ஓடணும், பின்சக்கரம் உடாது, நடுவுல முறுக்கு விழும். அனுமன்தீர்த்தம் ஆத்து மணல்னா சக்கரம் சறுக்கி முறுக்கை எறக்கிடும். தாரு பிடிச்சுக்கும், முறுக்கு அத்தனையும் ஷாஃப்ட்டுல ஏறும். மகிந்திரா வில்லிஸ் ஜீப் பூட்ட ஆரம்பிச்ச காலத்துக் கணக்கு இது. இன்னிக்குத் தார், ஜிம்னி வண்டிக்கும் அதே கணக்குதான். ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற டூ எச்சுக்கு மாத்தறப்ப முரண்டு பிடிச்சா, ஸ்டீரிங்கை நேரா வெச்சு நாலடி பின்னால எடு, முறுக்கு விட்டுடும்.

தானாவே நாலு சக்கரத்துக்கும் இழுப்பு மாத்திக்கிற வண்டி வெச்சிருக்கிற உன் சேக்காளிகிட்டயும் சொல்லு. மூணு டயரு வழுக்கை, ஒண்ணு மட்டும் புதுசுன்னா, கிழட்டு மாட்டோட இளங்காளையைப் பூட்டின மாதிரி. சுத்து வித்தியாசத்தை ஈடுகட்டியே நடு கிளட்ச் சூடேறிக் கருகும். பழுதாகி இழுத்துட்டுப் போனாலும் நாலு சக்கரமும் தரையை விட்டுத் தூக்கி ஏத்தணும், ரெண்டை உருள உட்டா ரிப்பேர் ரெண்டாகும்.

நீ மணல் வந்தா ஃபோர் எச் போடு, தாரு வந்தா எடு. அடுத்த தடவை சத்தம் வந்தா பாட்டை நிறுத்திட்டு, எந்த வேகத்துல, எந்தப் பக்கம் திரும்பறப்பன்னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதி மெக்கானிக் கையில குடு. பாதி ரிப்பேர் அங்கயே முடிஞ்சிடும். இந்த ரெண்டு டீக்கும் காசு நீ குடு, பேரிங் விலையைப் பாத்தா இது சல்லிசுதான்.